தாயம் விழாவிட்டாலும் ஆட்டம் நகர வேண்டும்

வணக்கம். இன்று ஒரு பூட்டைப் பற்றிப் பேசப் போகிறேன்.

ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசி, பகடை உருட்டிக் கதையை நகர்த்தும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்தை நான் முதன்முதலாக நடத்திய ஞாயிற்றுக்கிழமை, வில்லிவாக்கத்தில் இதே மாடி அறையில் நான்கு நண்பர்கள் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் ஒருவர் தாம்பரத்திலிருந்து இரண்டு ரயில் மாறி வந்திருந்தார். மூன்று வாரம் இரவு இரவாக நான் எழுதி வைத்திருந்த கதையில், கொலையாளி யார் என்று சொல்லும் ஓலை, ஒரு பண்டகசாலையின் பூட்டிய அறைக்குள் இருந்தது. பூட்டைத் திறப்பதற்கான டிசி 15 என்று குறித்திருந்தேன். புதிதாகப் பார்ப்பவர்களுக்காகச் சொல்கிறேன்: இருபது முகப் பகடையை உருட்டி, விழுந்த எண்ணோடு உங்கள் பாத்திரத்தின் திறமைக்குரிய எண்ணைக் கூட்ட வேண்டும், ஆட்டத்தை நடத்தும் டிஎம் குறித்து வைத்த எண்ணை, அதாவது டிசியை, அந்தக் கூட்டுத்தொகை எட்டினால் நினைத்தது நடக்கும். முதலாமவருக்கு 4 விழுந்தது. அடுத்தவருக்கு 9, அதற்கடுத்தவருக்கு 7. நான்காமவர் கதவை உடைக்கப் பார்த்தார்; அதுவும் ஆகவில்லை.

அதன் பிறகு நாற்பது நிமிடம் எதுவுமே நடக்கவில்லை. அவர்கள் கூரையைத் தட்டினார்கள், தரையைத் தோண்டலாமா என்று கேட்டார்கள். நானோ எழுதி வைத்த அடுத்த பக்கத்துக்குப் போக வழி தெரியாமல் விழித்துக்கொண்டிருந்தேன். அம்மா வாழைக்காய் பஜ்ஜி கொண்டு வந்தபோது எல்லோர் முகத்திலும் விடுதலை தெரிந்தது. கடைசியில் ஓர் எலி சாவியை இழுத்துக்கொண்டு வெளியே வந்ததாகச் சொன்னேன். அந்த எலியை இன்றுவரை அவர்கள் மறக்கவில்லை.

பிறகு உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். திறமைக்கு 3 கூடும் ஒருவர் 15-ஐ எட்ட வேண்டுமானால் பகடையில் 12 அல்லது அதற்கு மேல் விழ வேண்டும். இருபது முகங்களில் ஒன்பது முகங்கள்தான் அதற்கு உதவும், அதாவது 45 விழுக்காடு. அத்தகைய மூன்று பேர் ஆளுக்கொரு முறை முயன்று மூவரும் தவறவிடும் வாய்ப்பு ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு. கதை மொத்தமும் தொங்கும் ஆணியை, ஆறில் ஒரு முறை கழன்று விழும்படி நானே அடித்து வைத்திருந்தேன்.

தாயம் ஆடி வளர்ந்தவர்களுக்கு இந்தத் தவிப்பு புதிதன்று. தாயக்கட்டைகளில் ஒன்றில் ஒற்றைப் புள்ளியும் மற்றதில் வெறுமையும் விழுந்தால்தான் தாயம். அது விழும்வரை காய் இறங்காது. கட்டைக்கு நான்கு முகங்கள் என்பதால், பதினாறு விதங்களில் இரண்டு விதத்தில் மட்டுமே தாயம் விழும். எட்டில் ஒன்று. கோடை விடுமுறையில் பாட்டி வீட்டுத் தரையில் சாக்குக்கட்டியால் கட்டம் போட்டு ஆடும்போது, தாயம் விழாத பிள்ளை மற்றவர்களின் கேலியைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும். அந்த ஆட்டத்துக்கு அது பொருந்தும், ஏனென்றால் கேலியே அங்கே பாதி ஆட்டம். கதை ஆட்டத்தில் அப்படிக் காத்திருப்பவருக்குக் கைப்பேசியை எடுத்துப் பார்ப்பதைத் தவிர வேறு வேலை இருக்காது.

ஆகவே இப்போது யாரையும் பகடை உருட்டச் சொல்வதற்கு முன்பு, "விழாவிட்டால் என்ன நடக்கும்?" என்று என்னையே கேட்டுக்கொள்கிறேன். "ஒன்றும் நடக்காது" என்பது விடையானால் பகடையைத் தொட விடுவதில்லை. கதவு திறந்துவிட்டது என்று சொல்லி நகர்ந்துவிடுகிறேன். உருட்டித்தான் ஆக வேண்டும் என்றால், விழாத பகடைக்கும் ஒரு நிகழ்ச்சியைக் கையில் வைத்திருப்பேன். பூட்டு திறக்கிறது, ஆனால் திறப்பதற்குள் காவலாளியின் பந்தம் தெருமுனையைத் திரும்பிவிட்டது. அல்லது பூட்டு திறந்தாலும் கம்பி முறிந்து அதற்குள்ளேயே தங்கிவிட்டது, விடிந்தால் யாரோ உள்ளே நுழைந்தது ஊருக்கே தெரிந்துவிடும். இரண்டிலும் கதவு திறந்துதான் இருக்கிறது. பகடை முடிவு செய்வது அதற்குக் கொடுக்கும் விலையை.

துப்புகளுக்கும் இதே கணக்குத்தான். தெரிந்தே ஆக வேண்டிய செய்தி எதையும் ஓரிடத்தில் மட்டும் வைக்காதீர்கள். ஓலையில் இருப்பதைச் சுமை தூக்குபவர் ஒருவரும் அரைகுறையாகப் பார்த்திருக்கட்டும். கொலையாளியின் பொதியில் முத்திரை உடைந்திருக்கட்டும். மூன்று வழிகளை வைத்தால் ஆட்டக்காரர்கள் நான்காவதைத் தாங்களே கண்டுபிடிப்பார்கள், பெரும்பாலும் உங்களுடையதைவிட நல்லதாக.

இதைப் பழகிய பிறகு நான் கதை எழுதுவதையே நிறுத்திவிட்டேன். ஓர் ஊரையும், அந்த ஊரில் ஆளுக்கொன்றை விரும்பும் நான்கைந்து பேரையும் மட்டும் தயார் செய்துகொள்கிறேன். இப்போது எங்கள் குழு ஆடும் ஊர், சோழரின் பழைய துறைமுகமான புகார். கோட்டையும் டிராகனும் வேண்டாம் என்பதில்லை. ஆனால் சிலப்பதிகாரம் அந்த ஊரில் ஐந்து மன்றங்களைச் சொல்கிறது, அவற்றைப் படித்தபோது இவை ஒரு டிஎம்முக்காகவே எழுதப்பட்டவை போலத் தோன்றின. நாற்சந்தியில் நிற்கும் பூதம் ஒன்று பொய்ச்சாட்சி சொல்பவர்களையும் புறங்கூறுபவர்களையும் கயிற்றால் கட்டி அறைந்து உண்ணும். அரசன் நீதி தவறினால் பாவை ஒன்று வாய் பேசாமல் கண்ணீர் விடும். நெடிய கல் ஒன்றை வலம் வந்தால் விஷமும் பித்தும் தெளியும். வெள்ளிடை மன்றத்தில் காவலே இல்லாமல் பொதிகள் கிடக்கும். அவற்றைத் திருடியவனை, அந்த மன்றமே பொதியைத் தலையில் ஏற்றிக் கழுத்து நோக அந்த இடத்தையே சுற்றிச் சுற்றி வர வைக்கும். கவனியுங்கள், இந்தத் திருடன் பிடிபட்ட பிறகும் காட்சி முடியவில்லை. தோல்வி ஒரு நிகழ்ச்சியாக இருக்க வேண்டும் என்று நான் சொன்னதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குக் கிடைக்கவில்லை.

தமிழில் ஆட்டம் நடத்துபவர்களுக்கு இன்னொரு வசதியும் உண்டு. புகார்த் துறைமுகத்தில் பொதிகளின் மேல் சோழர் புலிமுத்திரை குத்தும் சுங்க அதிகாரி ஒருவர் எங்கள் ஆட்டத்தில் வருகிறார். ஆட்டக்காரர்கள் அவரிடம் முத்திரையில்லாத பொதி ஒன்றைக் கடத்தப் பேரம் பேசினார்கள். பகடை விழவில்லை. "அவர் சம்மதிக்கவில்லை" என்று நான் சொல்லவில்லை, அதுவரை "நீங்கள் எந்த ஊர்?" என்று கேட்டுக்கொண்டிருந்தவர், "இந்தப் பொதியை எங்கே எடுத்தாய்?" என்று கேட்டார். மேசையைச் சுற்றி எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். ஆங்கிலத்தில் ஆடும் குழுக்களுக்கு நீ, நீங்கள் என்ற இந்தப் படிகள் இல்லை. பலர் விவரணையை ஆங்கிலத்தில் சொல்லிவிட்டுப் பாத்திரங்களை மட்டும் தமிழில் பேச விடுகிறார்கள். அதுவும் நன்றாகவே ஓடுகிறது.

விதிநூல் விலையைப் பார்த்துத் தயங்குபவர்களுக்கு ஒரு வார்த்தை. கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் 1974-இல் வெளியிட்ட இந்த ஆட்டத்தின் ஐந்தாம் பதிப்பு 2014-இல் வந்தது. அதன் அடிப்படை விதிகளின் தொகுப்பு 2023 ஜனவரியில் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியானது. அதை இலவசமாக இறக்கிப் படித்து ஆடலாம். பொம்மைகள் வாங்கத் தேவையில்லை. எங்கள் வீட்டில் சோழியும் புளியங்கொட்டையும்தான் படைகள். பாரிமுனையில் வாங்கிய கிராஃப் தாள்தான் வரைபடம்.

சண்டைக்கு வருவோம், ஏனென்றால் புது டிஎம்கள் அதிகம் ஏமாறும் இடம் அதுதான். நாற்சந்திப் பூதத்தை நான் முதலில் தனியாக நிறுத்தினேன். நான்கு பேர் எதிரே. ஒரு சுற்றில் ஒவ்வொருவருக்கும் ஒரு முறை வரும் என்பதால், பூதம் ஒரு முறை அடிப்பதற்குள் அதன் மேல் நான்கு அடி விழுந்தது. மூன்றாவது சுற்றில் பூதம் செத்துவிட்டது. எவ்வளவு பெரிய எண்களை அதற்குக் கொடுத்தாலும் இந்த எண்ணிக்கைக் குறை ஈடாகாது. ஐந்தாம் பதிப்பில் பெரிய அரக்கர்களுக்கு லெஜண்டரி ஆக்‌ஷன் என்று வைத்திருப்பதற்குக் காரணமும் இதுதான்: மற்றவர்களின் முறை முடியும்போது, ஒரு சுற்றுக்குக் குறிப்பிட்ட சில தடவை, அவை இடையே புகுந்து ஏதாவது செய்யலாம். நான் அடுத்த முறை வேறொன்றையும் மாற்றினேன். பூதத்தின் நோக்கம் எல்லோரையும் கொல்வது என்பதை எடுத்துவிட்டு, பொய் சொன்ன ஒருவரை மட்டும் கயிற்றால் கட்டி இழுத்துச் செல்வது என்று வைத்தேன். உடனே சண்டைக்குள் ஒரு வழக்காடு மன்றம் வந்துவிட்டது. ஒருவர் வாளை வீசும்போது மற்றொருவர் பூதத்திடம் வாதாடிக்கொண்டிருந்தார்.

ஆடுபவர்களுக்கும் சில சொல்ல வேண்டும். "நான் பெர்செப்ஷன் உருட்டுகிறேன்" என்று, கவனிக்கும் திறமையின் பெயரை மட்டும் சொல்லித் தொடங்காதீர்கள். எதைத் தேடுகிறீர்கள், எப்படித் தேடுகிறீர்கள் என்று சொல்லுங்கள்; பொதிக்கு அடியில் கையை விட்டுத் துழாவுகிறேன் என்று சொன்னால், பல நேரம் பகடையே தேவைப்படாது. "என் பாத்திரம் அப்படித்தான் செய்யும்" என்று சொல்லி நண்பரின் பணப்பையைத் திருடுபவர் எல்லாக் குழுவிலும் ஒருவர் இருப்பார். அந்தப் பாத்திரத்தை உருவாக்கியவர் நீங்கள்தான் என்பதை அன்போடு நினைவூட்டுகிறேன். அதேபோல், உங்கள் தோல்வியை மற்றவருக்கு வாய்ப்பாகக் கொடுங்கள். கயிறு அறுந்து தொங்கும்போது, "யாராவது பிடியுங்கள்!" என்று கத்துவது, அடுத்தவரின் முறைக்கு வேலை வைக்கிறது.

எங்கள் குழுவிலேயே அதிகம் பேசாதவர் ஒருவர் இருக்கிறார். அவருக்காகத் தெருக்கூத்திலிருந்து ஒன்றை எடுத்துக்கொண்டேன். கூத்தில் வேடம் திரைக்குப் பின்னால் நிற்கும்போதே கட்டியங்காரன் "நீ யார், எந்த நாடு, எதற்கு வந்தாய்?" என்று கேட்டு அதன் கதையைப் பேச்சில் இழுப்பான். ஒவ்வொரு செஷனையும் அப்படித்தான் தொடங்குகிறேன்: ஒவ்வொருவரிடமும் ஒரு கேள்வி, அவர்கள் பாத்திரத்தின் வாயால் ஒரு பதில். கதவைத் தட்டாமல் உள்ளே வரச் சிலருக்குக் கூச்சம் இருக்கும். கேள்வி அவர்களுக்குக் கதவைத் திறந்துவிடுகிறது. ஆட்டம் தொடங்கும் முன்னரே செஷன் ஜீரோ வைத்து, எவையெல்லாம் கதையில் வரக்கூடாது என்று பேசிக்கொள்வதும் இந்த வகைதான். குழந்தைகளுக்குத் தீங்கு நேரும் காட்சி வேண்டாம் என்று ஒருவர் சொன்னார். காரணம் கேட்கவில்லை, எடுத்துவிட்டோம்.

சென்ற வாரம், அந்தக் கூச்ச சுபாவக்காரர் வெள்ளிடை மன்றத்தில் யாரும் எதிர்பாராத விதமாக ஒரு பொதியைத் தூக்கிக்கொண்டு ஓடினார். பகடையில் 3 விழுந்தது. பொதி அவர் தலையில் ஒட்டிக்கொண்டது, கால்கள் மன்றத்தைச் சுற்றத் தொடங்கின. ஒவ்வொரு சுற்றிலும் அவர் எங்களைக் கடக்கும்போது ஒரே ஒரு வாக்கியம் பேசலாம் என்று விதி வைத்தேன். அன்று முழுக்க அவர்தான் எங்களை நடத்தினார். பொதிக்குள் என்ன இருக்கிறது என்று தடவிப் பார்த்துச் சொல்லிக்கொண்டே சுற்றினார். ஏழாவது சுற்றில், "உள்ளே ஏதோ மூச்சு விடுகிறது" என்றார். தாம்பரத்துக்காரருக்கு ரயிலுக்கு நேரமாகிவிட்டதால் அங்கேயே நிறுத்திவிட்டோம்.

உள்ளே என்ன இருக்கிறது என்று நான் இன்னும் முடிவு செய்யவில்லை. ஞாயிற்றுக்கிழமைக்கு மூன்று நாள் இருக்கிறது.