ஆக்சிலேட்டரைத் திருகினால் பைக் ஸ்பீக்கரில் ஏன் இரைச்சல்? – சந்தேகங்களுக்கு விளக்கம்

வணக்கம். இந்த வாரம் வந்த கேள்விகளில் ஒன்று மனதை விட்டுப் போகவே இல்லை. நாமக்கல்லில் இருந்து ஒரு தம்பி எழுதியிருக்கிறார்: "அண்ணா, என் 150 சிசி பைக்கில் ஒரு சின்ன ஆம்ப்ளிபையரும் ஹேண்டில்பாரில் இரண்டு ஸ்பீக்கரும் மாட்டியிருக்கிறேன். பாட்டு நன்றாகக் கேட்கிறது. ஆனால் ஆக்சிலேட்டரைத் திருகினால் 'ஙொய்ய்' என்று ஒரு சத்தம் கூடவே ஏறுகிறது, விட்டால் இறங்குகிறது. கடையில் கெப்பாசிட்டர் போடச் சொன்னார்கள், போட்டேன், போகவில்லை. பெரிய ஆம்ப் போட்டால் சரியாகுமா?"

ஆகாது தம்பி. பெரிய ஆம்ப் போட்டால் பாட்டோடு சேர்ந்து அந்தச் சத்தமும் பெரிதாகும். ஆனால் கேள்வியை எவ்வளவு கவனித்து எழுதியிருக்கிறார் பாருங்கள். எஞ்சின் வேகத்தோடு ஏறி இறங்குகிறது என்கிறார். பாதி விடை அதிலேயே இருக்கிறது. பைக்கில் கரண்ட் தயாரிக்கும் மேக்னெட் காயிலில் பிறப்பது ஏசி. ரெக்டிபையர் அதை டிசி ஆக்கினாலும் கொஞ்சம் அலை மிச்சம் இருக்கும். எஞ்சின் வேகமாகச் சுற்றினால் அந்த அலையும் வேகமாகும், ஸ்பீக்கரில் சுருதி ஏறும். சுருதியாக இல்லாமல் 'டக் டக்' என்று வெட்டிவெட்டிக் கேட்டால் அது ஸ்பார்க் பிளக்கின் வேலை. பிளக் நம்பரில் 'ஆர்' எழுத்து இருக்கிறதா பாருங்கள், அது ரெசிஸ்டர் உள்ள பிளக். தம்பிக்கு அந்தப் பிரச்சினை இல்லை.

சரி, அந்த அலை பாட்டுக்குள் எப்படி நுழைகிறது? நம் வீடியோக்களைத் தொடர்ந்து பார்ப்பவர்களுக்கு நான் சொல்லப்போவது இப்போதே தெரிந்திருக்கும். எர்த், அதாவது கரண்ட் பேட்டரி மைனஸுக்குத் திரும்பும் வழி. இன்வெர்ட்டர் வீடியோவில் சொன்னேன், தண்ணீர் மோட்டார் வீடியோவிலும் சொன்னேன், மறுபடியும் சொல்கிறேன்: கரண்ட் போகிற வழியை எல்லோரும் பார்க்கிறோம், திரும்பி வருகிற வழியை யாரும் பார்ப்பதில்லை.

தம்பி அனுப்பிய போட்டோவில், ஆம்பின் கறுப்பு வயரை, அதாவது எர்த் வயரை, ஹேண்டில் பக்கத்தில் ஒரு போல்ட்டில் முறுக்கியிருக்கிறார். அங்கிருந்து கரண்ட் பேட்டரிக்கு எப்படிப் போகும்? ஸ்டியரிங் பேரிங்கில் உள்ள கிரீஸைத் தாண்டி, பெயிண்ட் அடித்த சேசிஸ் வழியாக, போல்ட் போல்ட்டாகப் போக வேண்டும். போதாததற்கு ஹெட்லைட், இண்டிகேட்டர், ஹாரன் எல்லாவற்றின் கரண்டும் திரும்பும் வழியில் ஒரு பங்கு அதே இரும்புதான். வீட்டில் மோட்டார் போட்டால் பல்பு மங்குகிற மாதிரி, இவை இழுக்கும்போதெல்லாம் அந்த எர்த்தில் ஒரு சின்ன வோல்டேஜ் ஏறி இறங்கும், மேக்னெட் காயிலின் அலையும் அதோடு சேர்ந்து ஆடும். போனில் இருந்து வரும் பாட்டின் சிக்னலே ஒரு வோல்ட்டுக்குள்தான். அதன் பக்கத்தில் சில மில்லிவோல்ட் ஆடினாலும் காதில் விழும்.

தம்பி, முதலில் ஒன்று செய்து பாருங்கள். போனை பைக்கின் யுஎஸ்பி சார்ஜரில் போட்டுக்கொண்டு ஆக்ஸ் வயரில் பாட்டு கேட்கிறீர்களா? சார்ஜரைப் பிடுங்கிவிட்டுக் கேளுங்கள். இரைச்சல் நின்றால், சார்ஜர் வழியாக ஒரு எர்த், ஆக்ஸ் வழியாக இன்னொரு எர்த் என்று இரண்டு வழி சுற்றிக்கொண்டிருக்கிறது. புளூடூத்துக்கு மாறினால் இது போய்விடும். நிற்கவில்லை என்றால் வயரிங்கை மாற்ற வேண்டியதுதான்.

எங்கள் பக்கம் திருவிழாவுக்கு மைக் செட் கட்டும் ஒரு பெரியவர் இருந்தார். ஆட்டோவில் பேட்டரி வைத்து, மேலே குழாய் கட்டி ஊர் சுற்றி விளம்பரம் செய்வார். ஆட்டோவின் பாடியில் எர்த் எடுக்கவே மாட்டார். பேட்டரியின் இரண்டு முனையிலிருந்தும் இரண்டு வயர், ஒன்றோடொன்று முறுக்கி நேராக ஆம்புக்கு. ஏன் ஐயா இவ்வளவு வயர் வீணாக்குகிறீர்கள் என்று கேட்டால், "பாட்டு மட்டும் கேட்கணும்ல" என்பார். பைக்குக்கும் அதே வழிதான். 2.5 ஸ்கொயர் எம்எம் வயர் போதும். பாசிட்டிவ் வயரில், பேட்டரியிலிருந்து ஒரு சாணுக்குள் 10 ஆம்பியர் பியூஸ், சிவப்பு நிறத்தில் இருக்கும். பியூஸ் ஆம்பைக் காப்பாற்ற இல்லை, வயரைக் காப்பாற்ற. அதனால் அதை ஆம்ப் பக்கம் வைத்துப் பயனில்லை, உராய்ந்து ஷார்ட் ஆவது டேங்குக்கு அடியில்தான்.

சாவி போட்டால் மட்டும் ஆம்ப் ஓட ஒரு ரிலே வையுங்கள், சின்ன கரண்டால் பெரிய கரண்டைப் போட்டு நிறுத்தும் சுவிட்ச் அது. அதன் கால்களில் எண் எழுதியிருக்கும்: 30-ல் பியூஸிலிருந்து வரும் பாசிட்டிவ், 87-ல் ஆம்ப், 86-ல் சாவி போட்டால் வரும் லைன், 85-ல் எர்த். இங்கே ஒரு எச்சரிக்கை. ஹோண்டா பைக்கில் எர்த் பச்சை, கறுப்புதான் சாவி போட்டால் வரும் பாசிட்டிவ். கறுப்பு என்றாலே எர்த் என்று நினைத்து இணைத்து பியூஸ் போனவர்கள் நிறைய. பழைய பைக் பலவற்றில் ஹெட்லைட் வயரில் ஏசி ஓடும், அங்கிருந்து ஆம்புக்கு லைன் எடுக்கவே கூடாது.

ஸ்பீக்கருக்கும் இதே கதைதான். ஸ்பீக்கரின் மைனஸைப் பாடியில் கட்டி ஒரு வயர் மிச்சம் பிடிக்கிறார்கள். இப்போது வரும் 12 வோல்ட் ஆம்புகளில் பெரும்பாலும் ஸ்பீக்கரின் இரண்டு முனையுமே ஆம்பின் அவுட்புட். ஒன்றை எர்த்தில் தொட்டால் ஆம்புக்குள் இருக்கும் ஐசி (சிப்) போய்விடும்.

பெரிய ஆம்ப் ஆசைக்கும் ஒரு கணக்கு சொல்லிவிடுகிறேன். 14 வோல்ட்டில், 4 ஓம் ஸ்பீக்கரில், சாதாரண ஆம்ப் தெளிவாகத் தருவது ஸ்பீக்கருக்கு 25 வாட்டுக்குள்தான். பெட்டியில் 1000 வாட் என்று அச்சடித்திருந்தால், அதற்கு 70 ஆம்பியருக்கு மேல் வேண்டும். பைக்கின் மெயின் பியூஸே பெரும்பாலும் 20-ஐத் தாண்டாது. வாட்டை இரட்டிப்பாக்கினாலும் 3 டெசிபல்தான் கூடும், காற்றுச் சத்தத்தில் அது தெரியாது. ஹோண்டா கோல்டு விங் போன்ற வண்டிகளில் ஸ்பீக்கர் முன்பக்கக் கவசத்துக்குள், ஓட்டுபவரைப் பார்த்தபடி இருக்கும். அதைத்தான் காப்பியடிக்க வேண்டும். ஸ்பீக்கரைக் காதுக்குக் கிட்டே கொண்டு வாருங்கள், பின்பக்கம் மூடிய டப்பாவாக இருக்கட்டும், அப்போதுதான் பேஸ் நன்றாகக் கேட்கும்.

இப்போது தம்பி கேட்காத கேள்வி. உண்மையில் எல்லோரும் இதைத்தான் கேட்க வேண்டும் என்று நான் ஆசைப்படுகிறேன்: எர்த் நன்றாக இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது? ஓம் மீட்டரில் வைத்து 'பீப்' கேட்டுவிட்டு நல்ல எர்த் என்று சொல்லாதீர்கள். மீட்டர் அனுப்புவது துளி கரண்ட். பத்து இழை அறுந்து ஒரே இழை மிச்சம் இருந்தாலும் பீப் அடிக்கும். வேலை செய்யும்போது பார்க்க வேண்டும். எஞ்சினை ஓட விடுங்கள், ஹெட்லைட் எரியட்டும், பாட்டைச் சத்தமாக வையுங்கள். மீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, கறுப்பு முனையைப் பேட்டரி மைனஸிலும் சிவப்பு முனையை ஆம்பின் எர்த்திலும் வையுங்கள். 0.1 வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. 0.5 காட்டினால் எங்கோ துரு அல்லது பெயிண்ட். உப்புத்தாளால் தேய்த்து, வயர் முனையில் லக் (போல்ட்டில் மாட்டும் வளையம்) போட்டு இறுக்குங்கள். இதே சோதனையை ஹெட்லைட்டின் எர்த்திலும் செய்து பாருங்கள். பல்பை இரண்டு முறை மாற்றியும் வெளிச்சம் வராத பழைய வண்டியில், இந்த ஒரு போல்ட்டைத் தேய்த்ததும் பளிச்சென்று வந்ததைப் பார்த்திருக்கிறேன். எனக்கு அது அவ்வளவு சந்தோஷம்.

தம்பி, வயர் மாற்றுவதற்கு முன்னால் ஒரு தடவை, மாற்றிய பிறகு ஒரு தடவை இந்த வோல்டேஜைப் பார்த்து இரண்டு எண்ணையும் எழுதி அனுப்புங்கள். ஹேண்டிலை இரண்டு பக்கமும் முழுசாகத் திருப்பிப் பார்த்து, அங்கே வயருக்குக் கொஞ்சம் தளர்வு விட்டுக் கட்டுங்கள்.