வெற்றிலை சப்பும் மீனும் எங்கள் கிணற்றுத் தண்ணீரும்

வணக்கம் நேயர்களே.

என் வீட்டு விறாந்தையில் மூன்றடி மீன் தொட்டி ஒன்று இருக்கிறது. அதில் ஓடித் திரிவது எட்டுக் குட்டி மீன்கள். கடைக்காரர் அதற்குச் சொல்லும் பெயர் பிளாக் ரூபி பார்ப். சிங்களத்தில் புலத் ஹபயா, அதாவது வெற்றிலை சப்புகிறவன். பெயர் வைத்தவருக்கு நல்ல கண். சோடி சேரும் காலத்தில் ஆண் மீனின் தலை செக்கச் சிவந்து, பின்னுடல் கறுத்துப் போகும்.

இலங்கையைத் தவிர வேறெங்கும் இது இயற்கையாக இல்லை. தீவின் தென்மேற்கே, களனி கங்கையிலிருந்து நில்வளா கங்கை வரை, மரநிழல் விழும் குளிர்ந்த ஓடைகள்தான் இதன் ஊர். ஏற்றுமதிக்காக ஓடைகளிலிருந்து அள்ளியதும் இது அருகியதற்கு ஒரு காரணம். ஆகவே தொட்டியில் பெருக்கிய குஞ்சுகளையே கேட்டு வாங்குங்கள்.

இதே தீவு மீன்தானே, இங்கே வடக்கில் வளராதா என்று நினைத்தேன். மீன் உள்ளூர்தான், தண்ணீர் உள்ளூரில்லை. நம் கிணற்று நீர் சுண்ணாம்புக் கல்லுக்குள்ளிருந்து வருகிறது. கேத்திலின் அடியில் படியும் வெள்ளைப் படையைப் பார்த்திருப்பீர்கள், அதேதான். புலத் ஹபயாவுக்கு வேண்டியது மென்மையான, சற்றே அமிலத் தன்மையுள்ள நீர். ஒருமுறை அவசரத்தில் தொட்டித் தண்ணீர் முழுவதையும் இறைத்துவிட்டுக் கிணற்றுத் தண்ணீரை நிரப்பினேன். விடிவதற்குள் நான்கு மீன் மிதந்தது. என் பிழைதான்.

அப்புறம் மாரி மழையைப் பிடிக்கத் தொடங்கினேன். ஐப்பசியில் விழும் முதல் இரண்டு மழையை விட்டுவிட வேண்டும், கூரைத் தூசு கழுவிப் போகட்டும். பிறகு ஓட்டுக் கூரைத் தண்ணீரை மூடியுள்ள பரலில் சேர்ப்பேன். மழைத் தண்ணீரை மட்டும் ஊற்றுவதும் சரியில்லை. அதில் உப்புச் சத்தே இல்லாததால் அமிலத் தன்மை திடீரென்று ஏறிவிடும். இரண்டு பங்கு மழை, ஒரு பங்கு கிணறு, இதுதான் என் கணக்கு. வாரம் ஒருமுறை தொட்டியில் கால்வாசியை மட்டும் மாற்றுவேன். வெயிலில் ஆவியாகிக் குறைந்ததை நிரப்ப மட்டும் தனி மழைத் தண்ணீர்தான். ஆவியாகிப் போவது தண்ணீர் மட்டும்தான், சுண்ணாம்பு தொட்டியிலேயே தங்கிவிடும். அங்கே கிணற்று நீரை ஊற்றினால் அது இன்னும் கூடும்.

சித்திரை வெயில் இன்னொரு தலையிடி. 22 முதல் 26 பாகை வரை பழகிய மீன் இது. தொட்டியின் மூடியைத் திறந்து, வலை போட்டு, சிறு மின்விசிறியை நீர்ப்பரப்பின் மேல் திருப்பி வைப்பேன். இரண்டு மூன்று பாகை இறங்கும். மின்சாரம் நின்றால்? பனையோலை விசிறிதான். சிரிக்காதீர்கள், செய்திருக்கிறேன்.

மூன்றாம் வருடக் கார்த்திகையில், மழைத் தண்ணீர் மாற்றிய மறுநாள், ஒரு ஆணின் தலை சிவந்தது. அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "இவனுக்கு ஆரடா பாக்கு வெட்டிக் குடுத்தது?" என்றார்.

முட்டையும் இட்டது. ஆனால் இட்ட முட்டையை அந்த மீன்களே தின்றுவிடும், உடனே பெரிய மீன்களைப் பிரிக்க வேண்டும். எனக்கு அது தெரிந்தபோது தொட்டியில் ஒரு முட்டையும் இல்லை. அடுத்த மழைக்கு முதலே இரண்டாவது தொட்டி வாங்கி வைத்தேன். பதினொரு குஞ்சு கிடைத்தது.