உமிக்குள் இருக்கும் நானோ

(மன்னார்குடிப் பக்கம் ஒரு கிராம நூலகத்தில் பேசியது)

எல்லோருக்கும் வணக்கம். வருகிற வழியில் அரிசி ஆலை ஓரமாக உமிச் சாம்பல் குவிந்து கிடந்தது. காற்றடித்ததும் முன்னால் வண்டியில் போனவர் கண்ணைக் கசக்கிக்கொண்டு நின்றுவிட்டார். இன்றைக்கு என் பேச்சு அந்தச் சாம்பலைப் பற்றித்தான்.

நெல் தாள் கையைக் கிழிப்பதும், உமிக்கரியில் துலக்கினால் பல் பளிச்சென்று ஆவதும் ஒரே சரக்கால்தான்: சிலிக்கா. மணலில் இருப்பதும் அதுவே. தண்ணீரில் கரைந்திருப்பதை வேர் வழியே உறிஞ்சி, பயிர் அதை உமியில் படியவைக்கிறது. ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் கூறு போட்டால் ஒரு கூறுதான் நானோமீட்டர். உமியில் உள்ள துகள் அப்படிச் சில பத்து கூறு அளவே இருக்கும். ஆய்வுக்கூடம் படாதபாடு பட்டுச் செய்வதைச் சம்பா வயல் சத்தமில்லாமல் செய்துவிடுகிறது.

சரி, இது எதற்கு? செல்போன் பேட்டரியின் எதிர்மின்முனையில் கிராஃபைட் இருக்கிறது. சிலிக்காவிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துவிட்டால் மிஞ்சுவது சிலிக்கன். எடைக்கு எடை பார்த்தால் அது கிராஃபைட்டைப்போல ஏறத்தாழ 10 மடங்கு மின்னூட்டம் பிடிக்கும். ஆனால் அதன் குணம் நம் களிமண்ணின் குணம். தண்ணீர் பாய்ந்தால் உப்பி, கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும் அல்லவா? சிலிக்கனும் பேட்டரிக்கு மின்னேற்றும்போது அதிலுள்ள லித்தியம் உள்ளே வந்தால் மூன்று மடங்குக்கு மேல் பருக்கும், வெளியே போனால் சுருங்கும், சீக்கிரமே நொறுங்கிவிடும். துகள் சுமார் 150 நானோமீட்டருக்குக் கீழே இருந்தால் மட்டும் நொறுங்காமல் தாங்குகிறது.

2013-ல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உமியிலிருந்தே அப்படிப்பட்ட சிலிக்கனை எடுத்துக் காட்டினார்கள். 40 கிலோ சிப்பம் நெல்லில் உமி 8 கிலோ வரும். எரித்தால் ஒன்றரை கிலோ சாம்பல், பெரும்பகுதி சிலிக்கா. அதிலிருந்து அரைக் கிலோவுக்குச் சற்று மேல் சிலிக்கன் எடுக்கலாம். கணக்கில்தான் சொல்கிறேன்.

ஆலைச் சாம்பலை அப்படியே அள்ளிப் போட முடியாது. பாய்லர் சூடு அதிகம். உமியில் உள்ள பொட்டாசியம் அந்தச் சூட்டில் துகள்களை உருக்கி ஒட்டவைத்துவிடும். அதனால் எரிப்பதற்கு முன்பே உமியை அமிலத்தில் கழுவ வேண்டும். அப்புறம் எரித்த சாம்பலை, அதிலுள்ள ஆக்சிஜனைப் பிடுங்க, சுமார் 650 டிகிரியில் மக்னீசியத்தோடு சேர்த்துச் சூடாக்க வேண்டும். மக்னீசியம் செய்யவே ஏகப்பட்ட எரிசக்தி ஆகும். உமி விற்றுக் கோடீசுவரர் ஆகலாம் என்று யாராவது வந்தால் நான் நம்பமாட்டேன். வந்தால் ஒன்று கேளுங்கள்: அமிலத்தில் கழுவிய தண்ணீரை எந்த வாய்க்காலில் விடப்போகிறீர்கள்?