வாரக்கணக்கில் நீளும் நடனம்: காலம் உடலில் எப்படித் தெரிகிறது?

(திரையில்: மிக மெதுவாக உயரும் ஒரு கை)

வணக்கம். வழக்கமான நடன நிகழ்ச்சியில் காலத்தை நமக்காக நிர்வகிப்பது அரங்கம். விளக்கு அணைகிறது, ஆட்டம் தொடங்குகிறது, ஒன்றிரண்டு மணி நேரத்தில் கைதட்டலோடு முடிகிறது. நீள்நேர நடனத்தில் இந்த ஏற்பாடு இல்லை. அது பல மணி நேரமோ பல வாரங்களோ தொடரும். பார்வையாளர் நடுவில் வரலாம், விரும்பியபோது போகலாம். முழுவதையும் பார்த்தவர் என்று அநேகமாக எவரும் இருக்க மாட்டார்.

பெல்ஜிய நடன அமைப்பாளர் ஆன் தெரேசா டி கீர்ஸ்மாக்கர், 2015-இல் பிரஸ்ஸல்ஸின் வீல்ஸ் கலை மையத்தில் உருவாக்கிய 'வொர்க்/ட்ரவாய்/ஆர்பைட்' படைப்பை எடுத்துக்கொள்வோம். பிரெஞ்சு இசையமைப்பாளர் ஜெரார் கிரிசேயின் 'வோர்டெக்ஸ் டெம்போரம்' என்ற இசைக்கு அவர் 2013-இல் சுமார் ஒரு மணி நேர மேடை நடனம் அமைத்திருந்தார். அதையே ஒன்பது மணி நேரச் சுழற்சியாக விரித்து, ஒன்பது வாரங்கள், மையம் திறந்திருந்த நேரமெல்லாம் நிகழ்த்தச் செய்தார். நீட்டுவது என்றதும் வேகத்தைக் குறைப்பது என்றே நாம் நினைப்போம். அவர் செய்தது அதுவல்ல. மேடையில் அடர்த்தியாகப் பின்னியிருந்த இழைகளைப் பிரித்து, ஒவ்வொரு மணி நேரமும் ஆடுநர்களும் இசைக்கலைஞர்களும் வேறு வேறு சேர்க்கையில் வரும்படி அமைத்தார். தரையில் சுண்ணக்கட்டியால் வரைந்த வட்டங்களின் வழியே ஆடுநர்கள் சுழல, பார்வையாளர்கள் அவர்களுக்கு மிக அருகில் நின்றார்கள்.

(திரையில்: தரையில் சுண்ணக்கட்டி வட்டங்கள்)

மெதுவான அசைவையே வழியாகக் கொண்டவர்களும் உண்டு. ஜப்பானில் பிறந்து நியூயார்க்கில் குடியேறிய எய்கோ, கோமா இணையர் 2010 நவம்பரில், மினியாபொலிஸின் வாக்கர் கலை மையத்தில் 'நேக்கட்' என்ற படைப்பை ஒரு மாதம் நிகழ்த்தினார்கள். கருகிய கித்தானும் இறகுகளும் சூழ்ந்த படுகையில் இருவரும் ஆடையின்றிக் கிடந்து, கண்ணுக்கு எளிதில் புலப்படாத அளவு மெதுவாக அசைந்தார்கள். அசைவைப் பின்தொடர்வது கடினம். சற்று நேரம் கழித்துத் திரும்பிப் பார்த்தால், ஒருவரின் கை இடம் மாறியிருப்பது மட்டும் தெரியும்.

இவ்வளவு மெதுவாக அசைவது ஓய்வு போலத் தோன்றலாம். இந்த வீடியோவை நிறுத்திவிட்டு, ஒரு கையைத் தொடையிலிருந்து தோள் உயரம் வரை ஒரு நிமிடம் முழுக்க எடுத்துக்கொண்டு தூக்கிப் பாருங்கள். வேகமாகத் தூக்கும்போது தொடக்க உந்துதலே பாதி வேலையைச் செய்துவிடுகிறது. மெதுவாகத் தூக்கும்போது அந்த உதவி கிடைக்காததால், ஒவ்வொரு கோணத்திலும் தசைகள் கையின் எடையைத் தாங்கியே நிற்க வேண்டியிருக்கிறது. இதையே மீண்டும் மீண்டும் செய்தால் தோள் கனக்கும், விரல் நுனியில் மெல்லிய நடுக்கம் எழும். பயிற்சி பெற்ற ஆடுநருக்கும் இது வரும், சற்றுத் தாமதமாக. மேடையில் கடிகாரத்தையோ மணற்குடுவையையோ வைத்துக் காலத்தைக் குறிப்பதைவிட, இந்த நடுக்கம் எவ்வளவோ நேர்மையானது என்று நான் உறுதியாக நம்புகிறேன். அது எதற்கும் குறியீடு அன்று. கழிந்துபோன நேரமே அந்தத் தசையில் சேர்ந்திருக்கிறது.

பார்ப்பவரின் உடலும் இதற்குத் தப்புவதில்லை. முதல் சில நிமிடங்கள் ஏதோ நடக்கும் என்று காத்திருக்கிறோம், பிறகு சலிப்பு வருகிறது. அதையும் கடந்து நிற்பவருக்கு, அதுவரை அசைவற்றதாகத் தெரிந்த முதுகில் மூச்சு ஏறி இறங்குவது புலப்படத் தொடங்குகிறது.

(திரையில்: படிக்கட்டில் ஒரு உடல்)

2016-இல் நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் நடன அமைப்பாளர் மரியா ஹசாபியின் 'பிளாஸ்டிக்' நிகழ்ந்தபோது, ஆடுநர்கள் படிக்கட்டுகளில் படுத்தபடி மிக மெல்ல இறங்கினார்கள். மேலே செல்ல வந்தவர்கள் அவர்களைச் சுற்றிக்கொண்டு நடக்க வேண்டியிருந்தது. படியின் விளிம்பு முதுகெலும்பில் அழுத்தும் வலியை இங்கே மறந்துவிடக் கூடாது. அருங்காட்சியகத் தரை ஓவியங்களுக்காகவும் சிற்பங்களுக்காகவும் போடப்பட்டது. நடன அரங்கின் தரையைப் போல அது அதிர்வை உள்வாங்குவதில்லை. ஆகவே ஆடுநர்களை முறைவைத்து மாற்றுவது, கூடத்தின் வெப்பநிலையைச் சீராக வைப்பது, இடைவேளையில் உடலைத் தளர்த்த ஓர் அறை தருவது, ஒத்திகை நேரத்துக்கும் ஊதியம் வழங்குவது ஆகிய எல்லாமே நடன அமைப்பின் பகுதியாகத் தொடக்கத்திலேயே திட்டமிடப்பட வேண்டியவை.