கைக்கு வரும் இருபத்தோராயிரம்

நேயர்களுக்கு வணக்கம்.

போன மாதம் எங்கள் ஊர் ரேஷன் கடை வாசலில் ஓர் அம்மா என்னை நிறுத்தினார். கைப்பேசியை என் முகத்துக்கு நேரே நீட்டி, "அண்ணா, இதைக் கொஞ்சம் படித்துச் சொல்லுங்கள். பையனுக்கு முப்பதாயிரம் சம்பளம் என்றுதானே சொன்னார்கள்? இருபத்தோராயிரம்தான் ஏறியிருக்கிறது. நடுவில் யாராவது எடுத்துக்கொள்கிறார்களா?" என்று கேட்டார். அவருடைய மகன் அக்னிவீரர், அதாவது நான்கு ஆண்டுக்கு மட்டும் படையில் சேர்க்கப்படும் சிப்பாய். பயிற்சி முடித்து வடக்கே போயிருக்கிறான். வங்கியிலிருந்து வந்த குறுஞ்செய்தியைப் படம் பிடித்து வீட்டுக்கு அனுப்பியிருந்தான்.

நான் 28 ஆண்டுகள் ராணுவத்தில் இருந்தவன். துப்பாக்கியைவிடப் பேனாவைத்தான் அதிகம் பிடித்தேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள். கிளார்க்காகச் சேர்ந்து சுபேதாராக ஓய்வு பெற்றேன். சம்பளப் பட்டியல், விடுப்புப் படிவம், பென்ஷன் தாள் இவற்றோடுதான் என் காலம் போயிற்று. அதனால் வேலூர்ப் பக்கத்து ஊர்களில் ராணுவச் சம்பளம் பற்றிச் சந்தேகம் வந்தால் என் வீட்டுத் திண்ணைக்கு வந்துவிடுவார்கள். எங்கள் மாவட்டத்துக் கம்மவான்பேட்டையை நீங்கள் கேள்விப்பட்டிருக்கலாம். ராணுவப்பேட்டை என்றே பெயர் வாங்கிய ஊர். சுற்றுவட்டாரத்தில் ராணுவத்துக்கு ஆள் அனுப்பாத தெருவைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

அந்த அம்மாவிடம் ரேஷன் அட்டையின் பின்புறத்திலேயே கணக்குப் போட்டுக் காட்டினேன். யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. அக்னிவீரர்களைச் சேர்க்கும் அக்னிபாத் திட்டத்தை மத்திய அரசு 2022 ஜூன் 14 அன்று அறிவித்தது. முதலாண்டு மாதம் 30,000 ரூபாய், இரண்டாம் ஆண்டு 33,000, மூன்றாம் ஆண்டு 36,500, நான்காம் ஆண்டு 40,000. இதில் நூற்றுக்கு முப்பது பிடித்துச் 'சேவா நிதி'யில் போடுகிறார்கள். முதலாண்டில் பிடித்தம் 9,000, கைக்கு வருவது 21,000. நான்கு ஆண்டில் பையன் போடுவது 5 லட்சத்து 2 ஆயிரம். அரசும் அதே அளவு போடுகிறது. வட்டியோடு சேர்த்து வெளியே வரும்போது ஏறத்தாழ 11 லட்சத்து 71 ஆயிரம், வருமான வரி இல்லாமல் கிடைக்கும். நூற்றுக்கு 25 பேர் வரை நிரந்தரப் படையில் எடுத்துக்கொள்ளப்படலாம். மற்றவர்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊர் திரும்ப வேண்டும். பென்ஷன் இல்லை, பணிக்கொடை இல்லை, முன்னாள் படைவீரர் என்ற தகுதியும் இல்லை.

அந்த அம்மா கேட்டுக்கொண்டிருந்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "இது நியாயமான சம்பளமா, இல்லையா?" கடை வாசலில் என்னால் பதில் சொல்ல முடியவில்லை. இன்று வானொலியில் பேச அழைத்ததும் அந்தக் கேள்வியைத்தான் கையோடு எடுத்துவந்தேன்.

முதலில் எதிர்த்தரப்பை ஒழுங்காகச் சொல்லிவிடுகிறேன். என் நண்பர் ஒருவர், அவரும் முன்னாள் ஹவில்தார்தான், என்னிடம் சண்டைக்கே வந்துவிட்டார். "பத்தாவது முடித்த பையனுக்கு ராணிப்பேட்டைத் தோல் ஆலையில் யார் இருபத்தோராயிரம் தருகிறார்கள்? இங்கே சாப்பாடு, துணிமணி, தங்குமிடம், வைத்தியம் எதற்கும் காசு இல்லை. இருபத்து மூன்று வயதில் பன்னிரண்டு லட்சத்தோடு வீட்டுக்கு வருகிறான். நீயும் நானும் அந்த வயதில் என்ன வைத்திருந்தோம்? ஒரு ட்ரங்குப் பெட்டி!" என்றார். உண்மைதான். பத்தொன்பது வயதுப் பையனின் சட்டைப்பைக்கு இது மோசமான தொகை இல்லை. இதை மறுத்துப் பேசுவது நேர்மையாகாது.

பென்ஷன் பாரத்தையும் சொல்வார்கள். 2022-23 பட்ஜெட்டில் பாதுகாப்புத் துறைக்கு ஒதுக்கியது 5.25 லட்சம் கோடி. அதில் பென்ஷனுக்கு மட்டும் 1.19 லட்சம் கோடிக்கு மேல். கேட்டால் மலைப்பாகத்தான் இருக்கும். ஆனால் அந்தப் பென்ஷன் தொகையில் சீருடையே அணியாத, அறுபது வயது வரை வேலை பார்த்த, பாதுகாப்புத் துறை சிவில் ஊழியர்களின் பென்ஷனும் சேர்ந்திருக்கிறது. அதை மேடையில் யாரும் சொல்வதில்லை. சிப்பாய் பென்ஷன் வாங்கிக் கஜானா காலியாகிறது என்று பேசுகிறவர்கள் இந்த ஒரு வரியையும் சேர்த்துப் பேசினால் நன்றாக இருக்கும்.

இனி என் பக்கம். சிப்பாயின் சம்பளத்தை ஆலைச் சம்பளத்தோடு வைத்துப் பார்ப்பதே எனக்குச் சரியாகப் படவில்லை. அதே பதுங்கு குழியில் பக்கத்தில் நிற்கிற சிப்பாயோடுதான் ஒப்பிட வேண்டும். ஏழாவது ஊதியக் குழுவின்படி சிப்பாயின் தொடக்க அடிப்படைச் சம்பளம் 21,700. அதோடு ராணுவ சேவை ஊதியம் 5,200. இரண்டும் சேர்ந்து 26,900. இந்தத் தொகைக்கு அகவிலைப்படி உண்டு. அக்னிபாத் அறிவித்தபோது அகவிலைப்படி 34 சதவீதம். 2025 ஜூலையில் அது 58 சதவீதம் ஆயிற்று. ஆக, பழைய முறையில் சேர்ந்த புதுச் சிப்பாய்க்குத் திட்டம் வந்த நாளில் கணக்கு 36,000 ரூபாய். அதே அடிமட்டச் சிப்பாய்க்கு 2025இல் 42,500. அக்னிவீரருக்கோ அகவிலைப்படியும் கிடையாது, ராணுவ சேவை ஊதியமும் கிடையாது. 2022இல் சேர்ந்தவனுக்கு முப்பதாயிரம் என்றால் 2025இல் சேர்ந்தவனுக்கும் அதே முப்பதாயிரம். பருப்பு விலையும் பஸ் கட்டணமும் அவன் வீட்டுக்கு மட்டும் நின்றுவிட்டனவா?

படிகள் உண்டு என்பார்கள். உண்டுதான். ஆபத்துப் படி, ரேஷன், சீருடை, பயணம் எல்லாம் இருக்கின்றன. சியாச்சினில் நின்றால் மற்றச் சிப்பாய்க்குப் போலவே படி வரும். அதை 2017இல் மாதம் 14,000இலிருந்து 30,000 ஆக்கினார்கள். நல்ல உயர்வு. அதே சியாச்சினில் அதிகாரிக்கு 42,500. ராணுவ சேவை ஊதியமும் அப்படித்தான்: அதிகாரிக்கு 15,500, சிப்பாய்க்கு 5,200. பதவிக்கும் பொறுப்புக்கும் ஏற்ப அடிப்படைச் சம்பளம் மாறுவது புரிகிறது. பனியில் விரல் கருகுவதற்கான தொகை ஏன் பதவி பார்த்து மாறுகிறது என்பது 28 ஆண்டு பேனா பிடித்தும் எனக்குப் புரியவில்லை. நான் சுபேதாராக இருந்தபோது இதை ஒரு பெரிய அதிகாரியிடமே கேட்டேன். சிரித்துவிட்டு, "சாப், டீ குடியுங்கள்" என்றார். டீ நன்றாகத்தான் இருந்தது.

சம்பளச் சீட்டில் எழுதாத சம்பளமும் உண்டு. விடுப்பு. நிரந்தரச் சிப்பாய்க்கு ஆண்டு விடுப்பும் தற்செயல் விடுப்பும் சேர்த்து ஆண்டுக்கு 90 நாள். அக்னிவீரருக்கு 30 நாள். ஜம்முவில் ஹிம்சாகர் எக்ஸ்பிரஸ் ஏறினால் காட்பாடியில் இறங்க இரண்டு நாளுக்கு மேல் ஆகும். அக்காவின் வளைகாப்புக்கு ஒருமுறை வந்து போனால் தாத்தாவின் காரியத்துக்கு வர நாள் போதாது. நான்கு ஆண்டும் திருமணம் செய்யக் கூடாது என்பது நிபந்தனை. அது பரவாயில்லை, இருபத்து மூன்று ஒன்றும் முற்றிய வயது இல்லை. ஆனால் எங்கள் பக்கத்தில் 'மிலிட்டரி மாப்பிள்ளை' என்றால் தரகர் தனி மரியாதையோடு ஜாதகத்தை எடுப்பார். பென்ஷன், கேன்டீன் கார்டு, ராணுவ மருத்துவமனை எல்லாம் அந்த ஜாதகத்தின் பின்னாலேயே வரும். இப்போது அதே தரகர், "பையன் பழைய மிலிட்டரியா, நாலு வருஷ மிலிட்டரியா?" என்று கேட்கிறார். இந்தக் கேள்வியை என் காதால் கேட்டேன்.

இறப்பைப் பற்றியும் சொல்லித்தான் ஆக வேண்டும். அக்னிவீரர் கடமையில் உயிரிழந்தால் 48 லட்சம் காப்பீடு, 44 லட்சம் கருணைத் தொகை, மிச்சமிருந்த காலத்தின் சம்பளம், சேவா நிதி எல்லாம் குடும்பத்துக்கு வரும். மொத்தமாகப் பார்த்தால் பெரிய தொகைதான். ஆனால் நிரந்தரச் சிப்பாய் போரில் இறந்தால் மனைவிக்கு வாழ்நாள் முழுவதும் குடும்பப் பென்ஷன் வருகிறது. அக்னிவீரரின் தாய்க்கு மாதாமாதம் எதுவும் வராது. கிராமத்தில் மொத்தத் தொகை எப்படிக் கரையும் என்பது நமக்குத் தெரியும். பங்காளிகள், பழைய கடன், தங்கை கல்யாணம். நாடாளுமன்றத்தின் பாதுகாப்புத் துறை நிலைக்குழுவே இந்த வேறுபாட்டை நீக்கி ஒரே சலுகை தரப் பரிந்துரைத்திருக்கிறது.

சரி, இவ்வளவு குறை இருந்தும் பையன்கள் ஏன் வரிசையில் நிற்கிறார்கள்? விவாதத்தில் கடைசி அம்பு இதுதான். "ஆள் குவிகிறார்களே, அப்படியானால் சம்பளம் நியாயம்தானே?" என்கிறார்கள்.

அமெரிக்காவைப் பாருங்கள். 2022இல் அவர்கள் தரைப்படைக்கு 60,000 பேர் தேவை என்று இலக்கு வைத்தார்கள். 15,000 பேர் குறைந்தார்கள். கடைநிலை வீரர்களின் குடும்பங்கள் அரசு உணவு உதவியை நம்பி வாழ்கிற கதைகள் அவர்கள் நாடாளுமன்றத்திலேயே பேசப்பட்டன. கடைசியில் 2024 டிசம்பரில் சட்டம் வந்தது. கீழிருந்து முதல் நான்கு படிநிலை வீரர்களுக்கு மொத்தம் 14.5 சதவீத உயர்வு, மற்றவர்களுக்கு 4.5 சதவீதம். அங்கே ஆள் கிடைக்காமல் போனதால் சம்பளம் ஏறியது. இங்கே ஆள் கிடைப்பதால் பென்ஷன் போயிற்று. இரண்டு இடத்திலும் சிப்பாயின் வேலை அதேதான். மாறியது வரிசையின் நீளம் மட்டும். ஊரில் மழை பொய்த்த ஆண்டில் களையெடுக்க அரைக்கூலிக்கும் ஆள் வரும். அந்தக் கூலியை யாரும் நியாயக் கூலி என்று சொல்வதில்லை.

சிப்பாய் சங்கம் வைக்க முடியாது, வேலைநிறுத்தம் செய்ய முடியாது, பத்திரிகையில் எழுத முடியாது. ராணுவச் சட்டம் தடுக்கிறது. தடுப்பதும் சரிதான், துப்பாக்கி வைத்திருக்கிறவன் பேரம் பேசினால் நாடு தாங்காது. அப்படி வாயைக் கட்டிப் போட்டவனுக்காகப் பேச வேறு ஒரு வாய் வேண்டும். பிரிட்டனில் 1971 முதல் இதற்கென்று தனிக் குழு இருக்கிறது. ஆண்டுதோறும் படைவீரர் சம்பளத்தைப் பரிசீலித்து அரசுக்குப் பரிந்துரை தருகிறது. நமக்குப் பத்தாண்டுக்கு ஒருமுறை ஊதியக் குழு. எட்டாவது குழு நீதிபதி ரஞ்சனா பிரகாஷ் தேசாய் தலைமையில் அமைந்திருக்கிறது. அக்னிவீரரின் முப்பதாயிரமோ எந்த ஊதியக் குழுவும் உட்கார்ந்து கணக்குப் பார்த்துச் சொன்னதில்லை. நேராக அறிவிப்பில் வந்த தொகை.

குறுகிய சேவை என்ற எண்ணமே தவறு என்று நான் சொல்ல மாட்டேன். இளமையான படை வேண்டும் என்று கார்கில் போருக்குப் பிறகு அமைந்த பரிசீலனைக் குழுவும் சொன்னது. ஆனால் அது சொன்னது ஏழு முதல் பத்தாண்டு சேவை, பிறகு துணை ராணுவத்துக்கு மாற்றம். ஏழு ஆண்டு எங்கே, பயிற்சியையும் சேர்த்து நான்கு ஆண்டு எங்கே? துணை ராணுவத்தில் அக்னிவீரர்களுக்கு இடஒதுக்கீடு அறிவித்தார்கள், பத்து சதவீதம் என்று தொடங்கியது. ஒதுக்கீடு என்றால் அங்கே மறுபடியும் ஒரு வரிசை.

ஆள்சேர்ப்பைப் பற்றி ஒன்று. கொரோனாவால் இரண்டு ஆண்டு ஆள் எடுக்கவே இல்லை. ஓட்டமும் மெடிக்கலும் முடித்து எழுத்துத் தேர்வுக்குக் காத்திருந்தவர்களை, எல்லாம் ரத்து, புதிதாக விண்ணப்பியுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். வயது வரம்பை 21இலிருந்து 23 ஆக்கியது அந்த ஓர் ஆண்டுக்கு மட்டும். எங்கள் தெருவில் அப்படிக் காத்திருந்த ஒருவன் இப்போது பால் வண்டி ஓட்டுகிறான். விடியற்காலை என் வீட்டைத் தாண்டும்போது இன்றைக்கும் சல்யூட் அடித்துவிட்டுத்தான் போவான். கேலியா மரியாதையா என்று நான் கேட்டதில்லை.

நல்லதும் நடந்திருக்கிறது. 2023 முதல் கணினித் தேர்வு முதலில், ஓட்டம் பிறகு. 2025 தேர்வைத் தமிழிலும் எழுதலாம் என்றார்கள். இந்தியும் ஆங்கிலமும் திணறிய எத்தனையோ நல்ல கால்களுக்கு அது வழி திறந்தது. ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன்: இரண்டு லட்சம் கொடுத்தால் இடம் வாங்கித் தருகிறேன் என்று யாராவது வந்தால் நேராகக் காவல் நிலையத்துக்குப் போங்கள். ராணுவத்தில் இடம் விற்பனைக்கு இல்லை.

2022 கடைசியில் சேர்ந்த முதல் அணிக்கு 2026 கடைசியோடு நான்கு ஆண்டு நிறைகிறது. அந்த அம்மாவின் மகன் அதற்குப் பின்னால் சேர்ந்தவன். நேற்று மறுபடியும் பார்த்தேன். "அண்ணா, நீங்கள் இன்னும் பதில் சொல்லவில்லை" என்றார். "செய்கிற வேலைக்கு நியாயம் இல்லை அம்மா. வேறு வேலை கிடைக்காத ஊருக்கு இது நல்ல சம்பளம்" என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "சின்னவனும் போகிறேன் என்கிறான், ஓட்டம் மட்டும் கொஞ்சம் பார்த்துவிடுங்கள்" என்றார்.

அதனால் நாளை காலை ஐந்து மணிக்கு நான் ஏரிக்கரையில் இருக்க வேண்டும். 1.6 கிலோமீட்டரை 5 நிமிடம் 30 விநாடிக்குள் ஓடினால் 60 மதிப்பெண். சின்னவன் 5 நிமிடம் 41 விநாடியில் நிற்கிறான். பதினொரு விநாடி குறைக்க வேண்டும். வணக்கம்.