வெடியா, நிலநடுக்கமா?

வணக்கம் நேயர்களே.

நில அதிர்வுமானி பதிக்கத் திருகோணமலையில் பாறைக்குப் பஞ்சமில்லை. ஆனாலும் அணுகுண்டுப் பரிசோதனைகளைக் கண்காணிக்கும் சர்வதேச வலையமைப்புக்கான நில அதிர்வுமானி கண்டிப் பக்கம், பல்லேகலயில்தான் இருக்கிறது. கரையோரத்துக்குக் கடலே இடைஞ்சல். வாடைக் காலத்தில் அலை மோத மோத, நிலமும் சில செக்கன் இடைவெளியில் ஓயாமல் அசையும். காலுக்குத் தெரியாது, கருவிக்குத் தெரியும். தேடுகிற சின்ன அதிர்வு அந்த இரைச்சலில் அமிழ்ந்துபோகும்.

பெரிய வெடியை ஒளிக்க முடியாது. 2017 செப்டெம்பர் 3இல் வடகொரியா வெடித்த குண்டின் அதிர்வு, அளவு 6.1, ஒன்பதரை நிமிடமளவில் இலங்கையை எட்டியது. சிக்கல் சின்னதில்தான். கடினப் பாறைக்குள் ஒரு கிலோதொன், அதாவது ஆயிரம் தொன் டிஎன்டி வெடிமருந்துக்குச் சமமான குண்டு, வெடித்தால் அளவு ஏறத்தாழ 4 வரும். இயற்கையான நிலநடுக்கங்களோ அந்த அளவில் ஆண்டுக்குப் பல ஆயிரம்.

முதலில் ஆழத்தைப் பார்ப்பார்கள். பத்துக் கிலோமீற்றருக்குக் கீழே என்றால் வெடி என்ற பேச்சுக்கே இடமில்லை. அவ்வளவு ஆழத்தில் யார் குண்டு புதைப்பது? ஆனால் கிட்டத்தில் நிலையம் இல்லாவிட்டால் ஆழக் கணக்கு பல கிலோமீற்றர் பிழைக்கும். ஆகவே அலைகளையும் ஒப்பிட வேண்டும். வெடி எல்லாப் பக்கமும் ஒரேயடியாகத் தள்ளுவதால் முதலில் வரும் பி அலை ஓங்கும். அதன் பின்னால் வரும் எஸ் அலையும், இருபது செக்கனுக்கு ஒருமுறை ஏறியிறங்கும் மேற்பரப்பு அலையும் மெலிந்திருக்கும். நிலநடுக்கத்தில் பாறைகள் வழுக்குவதால் எஸ் அலைதான் பலம்.

1997 ஆகஸ்டில் ரஷ்யாவின் வடக்கே உள்ள காரா கடல் அதிர்ந்தபோது, ரஷ்யா குண்டு வெடித்ததோ என்று அமெரிக்காவில் சந்தேகித்தார்கள். பரிசோதனைத் தளத்திலிருந்து 130 கிலோமீற்றர் தள்ளி, கடலடியில் என்று கணிப்பு காட்டியும் சந்தேகம் அடங்க மாதக்கணக்கானது.

வெடிதான் என்று தெரிந்தாலும் அது அணுவா, சாதாரண வெடிமருந்தா என்று அதிர்வு சொல்லாது. அதற்கு, அணு வெடிப்பில் உண்டாகும் கதிரியக்கச் செனொன் வாயு காற்றில் அகப்பட வேண்டும். அதில் ஒரு வகையான செனொன் 133இன் அரைவாழ்வு, அதாவது பாதியாகத் தேய எடுக்கும் காலம், ஐந்து நாள் சொச்சம்தான். 2013இன் வடகொரியப் பரிசோதனைக்கு 55 நாள் கழித்தே ஜப்பானின் தக்காசாகி நிலையத்தில் தடயம் கிடைத்தது.

வியன்னாவில் உள்ள, இந்த வலையமைப்பின் தரவு மையம் யாரையும் குற்றவாளி என்று அறிவிக்காது. தீர்ப்பு அரசுகளின் கையில். நேரில் போய்ச் சோதிக்க, உடன்படிக்கைப்படி 51 நாடுகள் கொண்ட நிறைவேற்றுச் சபையில் 30 வாக்கு வேண்டும். ஆனால் அணுகுண்டுப் பரிசோதனைகளை முற்றாகத் தடைசெய்யும் அந்த 1996ஆம் ஆண்டின் உடன்படிக்கை இன்னும் அமுலுக்கு வராததால் அந்தச் சபையே அமைக்கப்படவில்லை. இலங்கை 2023இல் அதை ஏற்புறுதி செய்தது. அதே ஆண்டு ரஷ்யா தன் ஏற்புறுதியைத் திரும்பப் பெற்றது. இந்தியாவும் பாகிஸ்தானும் வடகொரியாவும் கையெழுத்தே போடவில்லை.