பிறர் எழுதியதைப் படியெடுத்தவர்

பெரியோர்களே, நண்பர்களே, வணக்கம்.

ஓர் அறிஞரின் சொந்தக் காகிதங்கள் என்றால் கடிதங்களும் நாட்குறிப்பும் பாதியில் நின்ற கட்டுரைகளும் இருக்கும் என்றுதான் எவரும் நினைப்போம். நியூயார்க் வரலாற்றுக் கழகத்தில் பக்கிங்ஹாம் ஸ்மித் என்பவர் பெயரில் ஒரு தொகுப்பு இருக்கிறது. அதில் பெரும்பகுதி அவர் எழுதியதல்ல. பதினாறாம் நூற்றாண்டு ஸ்பானியத் தளபதிகள் மன்னருக்கு அனுப்பிய மடல்கள், கப்பல் உடைந்து தப்பியவர்கள் கொடுத்த வாக்குமூலங்கள் போன்றவற்றை ஸ்பெயினின் காப்பகங்களில் தேடிப் பிடித்து எடுத்த படிகள் அவை. அப்படியானால் இந்த மனிதர் வெறும் எழுத்தர்தானா என்று கேட்பீர்கள். இல்லை என்று சொல்லத்தான் வந்திருக்கிறேன். அவர் எங்கே வழுக்கி விழுந்தார் என்பதையும் சொல்லப் போகிறேன். எனக்கு அதுதான் இன்னும் சுவாரசியமான பகுதி.

ஸ்மித் 1810-இல் ஜார்ஜியா மாநிலத்தின் கம்பர்லாந்துத் தீவில் பிறந்தார். வளர்ந்த ஊர் புளோரிடாவின் செயின்ட் அகஸ்டின். ஸ்பானியர்கள் 1565-இல் நிறுவிய ஊர் அது. 1821-இல் புளோரிடா அமெரிக்காவின் கைக்கு வந்தபோது கூடவே ஒரு தலைவலியும் வந்தது. யாருடைய நிலம் எது என்பதற்கான பத்திரம் எல்லாம் ஸ்பானிய மொழியில். பழைய காகிதம் வாசிக்கத் தெரிந்தவன் சொல்லும் சொல்லுக்கு நீதிமன்றத்தில் விலை இருந்தது. ஸ்மித்தும் ஹார்வர்டில் சட்டம் படித்தவர். மூலப் பத்திரம் எங்கே, காட்டு என்று கேட்கும் வழக்கறிஞர் புத்தி கடைசிவரை அவரை விட்டுப் போகவில்லை.

நடுவில் ஓர் அரசுப் பணி. புளோரிடாவின் தெற்கே உள்ள எவர்கிளேட்ஸ் சதுப்பு நிலத்தை வடிக்க முடியுமா என்று பார்த்துவரக் கருவூலத் துறை அவரை அனுப்பியது. கால்வாய் வெட்டினால் முடியும் என்று 1848-இல் அறிக்கை கொடுத்தார். பின்னால் வந்தவர்கள் வெட்டியும் விட்டார்கள். கெட்டுப்போன நீரோட்டத்தைச் சரிசெய்ய இன்று கோடிக்கணக்கான டாலர் செலவாகிறது. அது தனிக் கதை, விட்டுவிடுகிறேன்.

நம் கதைக்கு முக்கியமானவை அவர் வகித்த இரண்டு பதவிகள். 1850-இலிருந்து சுமார் இரண்டு ஆண்டுகள் மெக்சிகோவில் தூதரகச் செயலர். 1855 முதல் 1858 வரை மாட்ரிட்டில் அதே பதவி. சம்பளம் தூதரக வேலைக்கு, மனம் காப்பகத்தில். இப்படி ஓர் அதிகாரி நம் அலுவலகத்தில் இருந்தால் என்ன செய்வோம் என்று யோசித்துப் பார்க்கிறேன். மெமோ கொடுத்திருப்போம்.

அந்தக் காலத்துக் காப்பக வேலை எப்படிப்பட்டது என்பதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். ஸ்பெயினின் அமெரிக்கக் குடியேற்றங்கள் பற்றிய ஆவணங்களை வைத்திருக்கும், செவில் நகரத்து 'இந்தியத் தீவுகளின் காப்பகம்' 1785-இல் தொடங்கியது. சிமான்காஸ் கோட்டையில் இருந்த அரச காப்பகம் 1844-இல்தான் ஆய்வாளர்களுக்குத் திறந்தது. ஆவணத்தைப் படம் பிடித்துக்கொண்டு வரும் வழக்கம் இன்னும் வரவில்லை. உட்கார்ந்து பேனாவால் எழுத வேண்டும், இல்லையேல் கூலி கொடுத்து எழுத வைத்து, மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். பதினாறாம் நூற்றாண்டு ஸ்பானிய எழுத்தர்களுக்குப் 'புரோசெசல்' என்று ஒரு கையெழுத்துப் பாணி. பேனாவைக் காகிதத்திலிருந்து எடுக்கவே மாட்டார்கள். சொல்லுக்கும் சொல்லுக்கும் இடைவெளி இராது, முழு வரியும் ஒரே சுழி. ஸ்பானியரே அதைப் பார்த்துக் கிண்டல் செய்தார்கள். அதில் ஓர் ஊர்ப்பெயரை ஓர் எழுத்து மாற்றிப் படித்தால், ஒரு படை நடந்த வழியே வரைபடத்தில் வேறு ஆற்றங்கரைக்குப் போய்விடும்.

இந்த வேலையில் ஸ்மித் தேர்ந்தவர். 1528-இல் நர்வாயெஸ் என்ற ஸ்பானியத் தளபதியின் தலைமையில் புளோரிடாவில் இறங்கி உள்நாட்டுக்குள் நடந்தவர்கள் ஏறத்தாழ முந்நூறு பேர். எட்டு ஆண்டுகளுக்குப் பிறகு மெக்சிகோவில் ஸ்பானியரிடம் வந்து சேர்ந்தவர்கள் நான்கே பேர். அந்த நால்வரில் ஒருவரான காபேசா டி வாகா எழுதிய நூல் 1542-இல் வெளிவந்தது. ஆங்கிலம் மட்டும் தெரிந்தவர்களுக்கு அதுவரை கிடைத்தது ஒரு சுருக்கம், அதுவும் இத்தாலிய மொழிவழி வந்தது. ஸ்பானியத்திலிருந்து நேரே மொழிபெயர்த்து 1851-இல் கொடுத்தவர் ஸ்மித். பின்னால், புளோரிடாவுக்குள் படையோடு புகுந்த இன்னொரு ஸ்பானியத் தளபதியான டி சோட்டோவின் படையெடுப்புக் குறிப்புகளும் வந்தன.

எனக்குப் பிடித்தது ஃபொன்தனேடாவின் கதை. பதின்மூன்று வயதுப் பையனாகக் கப்பல் உடைந்து புளோரிடாக் கரையில் ஒதுங்கி, கலூசா என்ற பூர்வகுடி மக்களிடையே சுமார் பதினேழு ஆண்டுகள் வாழ்ந்தவர். பின்னாளில் அந்த மக்களின் ஊர்களையும் உணவையும் நடுவே கிடந்த பெரிய ஏரியையும் நினைவிலிருந்து எழுதிவைத்தார். அதை 1854-இல் ஸ்மித் மொழிபெயர்த்து வெளியிட்டார். எவர்கிளேட்ஸில் அலைந்து திரும்பிய மனிதர் அல்லவா, அந்த ஏரியைப் பற்றி வாசித்தபோது அவருக்கு அது வெறும் ஏட்டுச் செய்தியாக இருந்திருக்காது.

இன்னொன்றைச் சொல்லாமல் மேலே போக முடியாது. 1688-இல் புளோரிடாவின் அப்பலாச்சி, டிமுக்குவா என்ற பூர்வகுடி இனங்களின் தலைவர்கள் ஸ்பெயின் மன்னர் இரண்டாம் கார்லோஸுக்குத் தங்கள் தங்கள் மொழியிலேயே மடல் அனுப்பினார்கள். ஸ்பானிய மொழிபெயர்ப்பும் கூடவே போனது. ஸ்மித் அவற்றைத் தேடி எடுத்து 1860-இல் அச்சிட்டார். அடித்தது மிகச் சில படிகள். டிமுக்குவா மொழிக்கு வேறு நூல்கள் உண்டு. அப்பலாச்சி மொழிக்கோ, நம் கைக்கு வந்திருப்பது ஏறக்குறைய அந்த ஒரு மடல்தான். ஒரு மொழியின் சொற்களும் வினைமுற்றுகளும் எப்படி இருந்தன என்று இன்றைக்கு ஒருவர் சொல்கிறார் என்றால், அந்த ஒரு காகிதத்தை வைத்துச் சொல்கிறார். ஸ்மித் வேறு எதுவுமே செய்யாமல் போயிருந்தாலும் இது ஒன்று போதும்.

கிடைத்ததைப் பூட்டி வைக்கும் பழக்கமும் அவருக்கு இல்லை. அமெரிக்க வரலாற்றாசிரியர் பிரான்சிஸ் பார்க்மன் 1865-இல், அமெரிக்காவில் பிரெஞ்சுக் குடியேற்றம் பற்றி நூல் எழுதினார். அதில் வரும், புளோரிடாவில் பிரெஞ்சுக்காரர்களை ஸ்பானியர் கொன்ற படுகொலைக்கு ஸ்பானியத் தரப்பின் ஆவணங்கள் ஸ்மித் கொடுத்தவை. பார்க்மனே நன்றியோடு சொல்கிறார். இன்று பார்க்மன் பெயர் எல்லோருக்கும் தெரியும்.

இனி அந்த வழுக்கல்.

1524-இல் பிரான்சு மன்னர் முதலாம் பிரான்சுவா அனுப்பி, இத்தாலியரான வெர்ரஸானோ வட அமெரிக்காவின் கிழக்குக் கரையோரமாகப் போனார். நியூயார்க் துறைமுகத்துக்குள் முதலில் நுழைந்த ஐரோப்பியர் என்று அவரைச் சொல்வார்கள். ஆதாரம், மன்னருக்கு அவர் எழுதிய ஒரு கடிதம். ஸ்மித் காலத்தில் அது இரண்டு வடிவில் கிடைத்தது. ஒன்று, ரமூசியோ என்ற இத்தாலியத் தொகுப்பாளர் 1556-இல் அச்சிட்டது. மற்றொன்று பிளாரன்ஸ் நூலகத்தில் இருந்த கையெழுத்து நகல். மூலம் இல்லை. பிரெஞ்சு அரசின் ஆவணங்களில் இந்தப் பயணத்துக்குத் தெளிவான சாட்சியும் இல்லை.

வழக்கறிஞர் எழுந்துவிட்டார். 1864-இல் நியூயார்க் வரலாற்றுக் கழகத்திலேயே ஒரு கட்டுரை வாசித்து, அந்தக் கடிதம் நம்பத் தக்கதல்ல என்றார். அவருடைய நண்பர் ஹென்றி மர்ஃபி அந்த வாதத்தை 1875-இல் முழு நூலாகவே விரித்தார். விளைவு சாதாரணமானதல்ல. அமெரிக்க வரலாற்றை எழுதிய ஜார்ஜ் பான்கிராஃப்ட், தன் நூலின் திருத்திய பதிப்பில் வெர்ரஸானோவைச் சேர்க்கவே இல்லை.

இதில் ஸ்மித்தைப் பார்த்துச் சிரிக்க எனக்கு மனம் வரவில்லை. அவர் கேட்ட கேள்வி சரியான கேள்வி. தன் வாழ்நாளெல்லாம் நகல்களோடு புழங்கியவருக்கு நகலின் பலவீனம் தெரியாதா? ஆனால் ஒன்றை மறந்துவிட்டார். காப்பகத்தில் இருப்பது சாட்சி. இல்லாதது சாட்சி ஆகாது. ஸ்பெயினில் அரசே எல்லாவற்றையும் எழுதிக் கட்டிவைத்தது. கப்பலில் ஏறியவனின் பெயர்கூடச் செவிலில் கிடைக்கும். அந்த ஒழுங்குக்குப் பழகிய கண், மற்ற நாடுகளும் அப்படியே எழுதிவைத்திருக்கும் என்று எண்ணிவிட்டது. மன்னர் கொஞ்சம் பணம், வணிகர்கள் மிச்சப் பணம் என்று போட்டு அனுப்பிய ஒரு கப்பலுக்கு அப்படிக் கட்டுக்கட்டாகக் கோப்பு எங்கே இருக்கும்? வரலாறு படிக்கும் இளைஞர்களிடம் அவருடைய நூல்களோடு இந்தக் கட்டுரையையும் கொடுக்க வேண்டும் என்பேன். பிழையில்லாத அறிஞரிடம் கற்பதைவிட, கவனமாகப் பிழை செய்த அறிஞரிடம் கற்பது அதிகம்.

ஸ்மித் 1871 ஜனவரியில் நியூயார்க்கில் இறந்தார். தெருவில் நோய்வாய்ப்பட்டு விழுந்தவரைக் குடிகாரர் என்று எண்ணிக் காவலர்கள் தூக்கிக்கொண்டு போனார்கள். பெல்வியூ மருத்துவமனையில் உயிர் பிரிந்தது. காபேசா டி வாகா நூலின் திருத்திய பதிப்பு அப்போது அச்சில் இருந்தது. நண்பர்கள்தான் அதை முடித்து வெளியிட்டார்கள். செயின்ட் அகஸ்டினில் இருந்த சொத்தை, அந்த ஊர்க் கறுப்பின மக்களின் நலனுக்கு என்று உயில் எழுதி வைத்திருந்தார். 1873-இல் அவர் பெயரிலேயே அதற்கு ஓர் அறச்சங்கம் அமைந்தது. உள்நாட்டுப் போர் முடிந்து பத்தாண்டுகூட ஆகாத தென்மாநிலத்தில் அப்படி ஓர் உயில் எழுதுவது லேசான காரியமில்லை.

வெர்ரஸானோ விவகாரம் தீர்ந்தது 1909-இல். ரோமில் செல்லெரே பிரபுவின் நூலகத்தில் அதே கடிதத்தின் இன்னொரு கையெழுத்துப் படி கிடைத்தது. ஓரங்களில் குறிப்புகள். பயணம் போனவர் தவிர வேறொருவர் எழுதியிருக்க முடியாத செய்திகள் அவற்றில் இருந்தன. அவை வெர்ரஸானோவின் கையெழுத்தே என்று கருதுவோரும் உண்டு. ஸ்மித், மர்ஃபி, பான்கிராஃப்ட் மூவரும் அப்போது உயிரோடு இல்லை. அந்தப் படியைப் பிறகு அமெரிக்க வங்கியாளர் ஜே. பி. மோர்கன் வாங்கினார். இப்போது அது நியூயார்க்கில் மோர்கன் நூலகத்தில் இருக்கிறது. ஸ்மித்தின் காகிதங்கள் இருக்கும் அதே மன்ஹாட்டனில்.

செயலாளர் கடிகாரத்தைக் காட்டுகிறார், முடித்துவிடுகிறேன். 1964-இல் நியூயார்க் துறைமுக வாயிலில் கட்டிய பெரிய தொங்குபாலத்துக்கு அந்த மாலுமியின் பெயரையே வைத்தார்கள். பெயர்ப்பலகையில் ஓர் இசட் எழுத்தை விட்டுவிட்டார்கள். அதைச் சேர்க்க 2018-இல் ஒரு சட்டம் போட வேண்டி வந்தது. கேள்விகள் இருந்தால் கேளுங்கள்.